பலவீனர் யார்?

ஆண்டவருடைய பந்தியில் யார் யாரருகில் அமர்வது என்பது சிறு கேள்வியாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு நாட்டில் அக்கேள்விக்குக் கிறிஸ்தவர்கள் கொடுத்த விடை, நூறாண்டுக்குள் அந்நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஏறி அமர்ந்துகொண்டது. தென்னாப்பிரிக்காவைத்தான் குறிப்பிடுகிறேன். அங்கே இனப் பிரிவினை அரசாங்கத்தில் தோன்றிப் பின்னர் கோவிலுக்குள் நுழைந்தது என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். அடிமை முறையும் நிலப் பறிப்பும் கோவிலுக்கு வெளியே நடந்தவைதாம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரே ஆண்டவரைத் தனித்தனிக் கூடங்களில் தொழலாம் என்ற ஏற்பாட்டுக்குத் தெய்வீக முத்திரை குத்திக் கொடுத்தது திருச்சபையே. எனவே பிளவுண்ட இனங்களை ஒப்புரவாக்கத் திருச்சபைகள் என்ன செய்யலாம் என்று கேட்பவர்கள், அத்திருச்சபைகள் தாமே எவ்வாறு பிளவுண்டன என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது.

நன்னம்பிக்கை முனைப் பகுதியில் குடியேறிய டச்சுக்காரர்களின் சபை சீர்திருத்த மரபைச் சார்ந்தது. அச்சபையில் இராப்போசனத்தின்போது விசுவாசிகள் மேசையைச் சுற்றி அமர்ந்து அப்பமும் இரசமும் பெறுவது வழக்கம். 1820களின் இறுதியில், சாமர்செட் வெஸ்ட் என்ற ஊரில், கலப்பினத்தவர் ஒருவர் வெள்ளையரோடு திருவிருந்தில் பங்குபெற முன்வந்தபோது முணுமுணுப்பு எழுந்தது. 1829 இல் கூடிய சபைப் பேரவை தயங்காமல் தீர்ப்புச் சொன்னது. திருவிருந்து நிறமோ குலமோ பாராமல் அனைவருக்கும் ஒருசேர அளிக்கப்பட வேண்டும். இது இறைவார்த்தையின்மீது நிற்கும் அசையாத கொள்கை. விவாதத்துக்குரிய பொருளே அன்று. அந்தத் தீர்ப்பு நிலைத்திருக்குமானால் இக்கட்டுரைக்கே வேலையிருந்திராது.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்தன. எல்லைப்புறச் சபை ஒன்றில் வெள்ளையர் சிலர் தமக்குத் தனியாக இராப்போசனம் வேண்டும் என்றனர். 1857 இல் பேரவை மீண்டும் கூடியது. அதன் தீர்மானத்தைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஏனெனில் அது வெறுப்பின் மொழியில் எழுதப்பட்டதன்று. புறவினத்தாரிடையிருந்து மனந்திரும்பியோரை இருக்கின்ற சபைகளிலேயே சேர்த்துக்கொள்வதுதான் விரும்பத்தக்கது, வேதாகமத்துக்கும் ஏற்றது என்று முதலில் ஒப்புக்கொள்கிறது. அடுத்த வாக்கியத்தில் ஓர் 'ஆனால்' வருகிறது. சிலருடைய பலவீனத்தின் காரணமாக அவ்வாறு செய்வது நற்செய்திப் பணிக்கு இடையூறாகுமானால், அம்மக்கள் தங்கள் கிறிஸ்தவ உரிமைகளைத் தனிக் கட்டடத்தில் அனுபவிக்கலாம். இவ்வளவே. கொள்கை கைவிடப்படவில்லை, விதிவிலக்கு ஒன்று சேர்க்கப்பட்டது. விதிவிலக்கு எத்தனை விரைவில் விதியாகிவிடும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

'சிலருடைய பலவீனம்' என்ற சொற்களை நான் பலமுறை சிந்தித்துப் பார்த்ததுண்டு. அவை தூய பவுலிடமிருந்து வாங்கப்பட்டவை. உரோமையருக்கும் கொரிந்தியருக்கும் எழுதிய திருமுகங்களில், மனச்சான்று வலுவற்ற சகோதரர்களைப் பற்றி அவர் பேசுகிறார். சிலைகளுக்குப் படைக்கப்பட்ட இறைச்சியை உண்பதில் தவறில்லை என்று அறிந்தவர்கள், அவ்வாறு அறியாத சகோதரன் இடறி விழாதபடி அதை உண்ணாமல் விட்டுவிட வேண்டும் என்பது அவருடைய அறிவுரை. இங்கே விட்டுக்கொடுப்பவர் வலியவர். விட்டுக்கொடுக்கப்படுவது ஒரு துண்டு இறைச்சி. 1857 இல் நடந்ததோ வேறு. நிலமும் துப்பாக்கியும் ஆட்சியும் கையில் வைத்திருந்தவர்களே பலவீனர் எனப்பட்டனர். அந்தப் பலவீனத்துக்காக விட்டுக்கொடுக்கப்பட்டது இறைச்சியன்று, ஓர் உடன்பிறப்பு. விலை கொடுத்தவர்களும் அந்த உடன்பிறப்புகளே. அவர்களிடம் சம்மதம்கூடக் கேட்கப்படவில்லை.

பவுல் இத்தகைய நிலைமையைத் தம் காலத்திலேயே நேருக்கு நேர் சந்தித்தார் என்பதும் நினைவுக்கு வருகிறது. அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு உண்டுவந்த கேபா, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். அவர் ஒன்றும் தீயவரல்லர். வந்தவர்களின் மனம் புண்படக் கூடாதே, இருக்கின்ற சமாதானம் கெடக் கூடாதே என்ற அச்சம். பர்னபாவும் கூட அந்த வேடத்தில் இழுபட்டுப் போனார். பவுல் அதைப் பலவீனம் என்று பொறுத்துக்கொள்ளவில்லை. எல்லார் முன்னிலையிலும் முதல் திருத்தந்தையை முகத்துக்கு முகம் கடிந்துகொண்டார். பந்தியிலிருந்து எழுந்து போவது நற்செய்தியின் உண்மையை விட்டே விலகிப் போவது என்று அவர் கண்டார்.

கேப் நாட்டில் அந்தக் கடிந்துரை எழவில்லை. 1881 இல் கலப்பினத்தாருக்கென்று தனி மிஷன் சபை அமைந்தது. 1948 இல் அபார்தைட் என்னும் இன ஒதுக்கல் கொள்கையைச் சொல்லித் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. கலப்பு மணத் தடைச் சட்டம் 1949 இலும், மக்களை இனவாரியாகப் பதியும் சட்டமும் குடியிருப்புகளைப் பிரிக்கும் சட்டமும் 1950 இலும் வந்தன. அவற்றை இயற்றியவர்களுள் மிகப் பலர் அந்தச் சபையின் பிள்ளைகளே. ஞாயிறுதோறும் கோவிலில் கண்ட ஒழுங்கை அவர்கள் ஊருக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் விரித்தார்கள். 1963 இல் ஆப்பிரிக்கருக்கு ஒரு சபை, 1968 இல் இந்தியருக்கு ஒரு சபை என்று குடும்பம் நான்காகப் பிரிந்து முடிந்தது. இந்த நான்காவது சபையில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் துறையை அடைந்த 'ட்ரூரோ' கப்பலில் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றவர்கள் 342 பேர்; தமிழ்க் கத்தோலிக்கரும் அவர்களுள் இருந்தனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் காலத்தில், எந்தத் தெருவில் குடியிருக்கலாம், யாரை மணக்கலாம் என்பதை 'இந்தியர்' என்ற ஒற்றைச் சொல்லே தீர்மானித்தது.

இதையெல்லாம் பிரிவினை சகோதரர்களின் பாவம் என்று ஒதுக்கிவிட்டு நாம் நிம்மதி அடைய முடியாது. 1957 இல் அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தம் ஒன்று, வெள்ளையர் பகுதியிலுள்ள கோவில்களுக்கு ஆப்பிரிக்கர் வழிபட வருவதைத் தடுக்கும் அதிகாரத்தை அமைச்சருக்கு அளித்தது. கேப் டவுன் நகரின் ஆங்கிலிக்கன் பேராயர் ஜெஃப்ரி கிளேட்டன், அச்சட்டத்துக்குத் தம்மால் கீழ்ப்படிய இயலாது என்று பிரதமருக்கு எழுதிய மடலில் மார்ச் 6 அன்று கையொப்பமிட்டார். அன்று திருநீற்றுப் புதன். மறுநாள் அவர் இறந்து போனார். அதே ஆண்டில் கத்தோலிக்க ஆயர்களும் ஓர் அறிக்கை வெளியிட்டு, இன ஒதுக்கல் தன் இயல்பிலேயே தீமையானது என்று அறிவித்தார்கள். நம் திருச்சபை பெருமைப்படத்தக்க ஆவணம் அது. ஆனால் அதன் மற்றொரு பகுதியை நாம் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. நம்முடைய பள்ளிகளிலும் குருமடங்களிலும் கன்னியர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் இதே பிரிவினை நடைமுறையில் இருக்கிறது, இதை என்றென்றைக்கும் பொறுத்துக்கொள்ள முடியாது என்று ஆயர்களே அதில் ஒப்புக்கொண்டார்கள். கத்தோலிக்கப் பள்ளிகள் அரசின் தடையை மீறி எல்லா இனப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறக்கத் தொடங்கியது 1976 இல். இடையில் பத்தொன்பது ஆண்டுகள். அறிக்கை வந்தபோது ஆறு வயதாயிருந்த ஒரு கறுப்பினக் குழந்தை, கதவு திறந்தபோது இருபத்தைந்து வயது இளைஞனாகியிருக்கும். 1970 இல் கறுப்பினக் குருக்கள் ஐவர், தங்கள் திருச்சபையே தங்களைக் கைவிட்டுவிட்டது என்று நாளேட்டில் பகிரங்கமாக எழுதியதில் வியப்பில்லை.

எல்லாச் சபைகளிலும் ஓரிருவர் விழித்திருந்தார்கள். பெயர்ஸ் நோடே என்ற போதகரின் தந்தை, ஆப்பிரிக்கானர்களின் செல்வாக்கு மிக்க இரகசியச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவர். மகனும் அதில் உறுப்பினர். 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் காவலர் சுட்டதில் 69 பேர் மடிந்தபின், அவர் மனச்சான்று உறங்க மறுத்தது. சங்கத்தை விட்டு விலகினார். 1963 இல் போதகர் பதவியை இழந்தார். 1977 முதல் 1984 வரை அரசின் தடையாணையின் கீழ் வாழ்ந்தார். அவருடைய சபையார் அவரைப் பலவீனர் என்று கருதிப் பொறுத்துக்கொள்ளவில்லை என்பதைக் குறிப்பிடத்தான் வேண்டும். அந்தச் சலுகை எதிர்ப்பக்கத்தாருக்கு மட்டுமே உரியதாயிருந்தது போலும்.

1982 இல் கனடாவின் ஒட்டாவா நகரில் உலகச் சீர்திருத்த சபைகளின் கூட்டமைப்பு கூடியபோது நடந்த ஒன்று, 1857 க்கு வந்த மறுமொழியாகவே எனக்குப் படுகிறது. அங்கே இராப்போசனம் நடந்தபோது, தென்னாப்பிரிக்காவின் கறுப்பின, கலப்பினப் பிரதிநிதிகள் சிலர் அதில் பங்குபெற மறுத்துவிட்டார்கள். சொந்த நாட்டில் நம்மோடு ஒரே மேசையில் அமராதவர்களோடு, அயல்நாட்டில் மட்டும் எப்படி ஒன்றாக உண்பது? விரட்டப்பட்டவர்களே விலகி நின்றபோதுதான் உலகச் சபைகளுக்கு உறைத்தது. அபார்தைட்டை இறையியலால் நியாயப்படுத்துவது தப்பறை என்று அக்கூட்டமைப்பு அறிவித்து, வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போய் நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்ற ஆண்டவரின் கட்டளையை, அந்தப் பிரதிநிதிகள் மறுபக்கத்திலிருந்து நிறைவேற்றினார்கள் என்று கொள்ளலாம்.

அதே ஆண்டில், கேப் டவுன் புறநகரில் கலப்பினத்தாருக்கென ஒதுக்கப்பட்ட பெல்ஹார் என்ற குடியிருப்பில், மிஷன் சபையின் பேரவை கூடி ஒரு விசுவாச அறிக்கையை வரைந்தது. 1986 இல் அது முறைப்படி ஏற்கப்பட்டது. ஒற்றுமை, ஒப்புரவு, நீதி ஆகிய மூன்றையும் அது ஒன்றாகப் பேசுகிறது. மூன்றாவதைக் கழித்துவிட்டு முதலிரண்டை மட்டும் பெற முடியாது என்பதே அதன் சாரம். இறைவன் வறியோரின் பக்கமும் அநீதிக்குள்ளானோரின் பக்கமும் சிறப்பாக நிற்கிறார் என்ற வரிதான் வெள்ளையர் சபையில் பலருக்குத் தொண்டையில் சிக்கியது. அவ்வறிக்கையோடு இணைத்த மடலில், முதல் கல்லை எறியும் தகுதி தங்களுக்கும் இல்லை என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். அநீதிக்குள்ளானவர்கள் இவ்வாறு எழுதியது ஆழ்ந்த தியானத்துக்குரியது.

இனி, மன்னிப்பு. 1990 நவம்பரில் ரஸ்டன்பர்க் நகரில் எல்லாச் சபைகளையும் சேர்ந்த ஏறத்தாழ 230 பேர் கூடினார்கள். ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக இறையியல் பேராசிரியர் வில்லி யோங்கர் எழுந்து, தம் சார்பிலும் தம் சபையின் சார்பிலும் தம் இனத்தின் சார்பிலும் அபார்தைட் என்னும் பாவத்தை அறிக்கையிட்டார். பேராயர் டெஸ்மண்ட் டூட்டூ முன்வந்து, ஒருவர் பாவத்தை ஏற்று மன்னிப்புக் கேட்கும்போது மன்னிக்காமல் இருக்க நற்செய்தி இடம் தருவதில்லை என்று சொல்லி அதை ஏற்றுக்கொண்டார். கூடியிருந்த கறுப்பினத்தவர் எல்லாரும் அதை அவ்வாறு ஏற்றுக்கொள்ளவில்லை. எல்லார் சார்பிலும் மன்னிக்க இவருக்கு உரிமை கொடுத்தவர் யார் என்று கேட்டார்கள்.

இக்கேள்வியைக் கசப்பின் குரல் என்று தள்ளிவிடலாகாது. அறநெறியின் மிகக் கடினமான கேள்விகளுள் இது ஒன்று. ஒருவர் தம் சமூகத்தின் சார்பில் பாவ அறிக்கை செய்யலாமா? செய்யலாம் என்றே நான் கருதுகிறேன். தந்தை சேர்த்த சொத்தை அனுபவிப்பவன் தந்தையின் கடனை மட்டும் என்னுடையதன்று என்று சொல்ல முடியாது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000 மார்ச் 12 அன்று, திருச்சபையின் மக்கள் முற்காலங்களில் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டியதும் இந்த அடிப்படையில்தான். ஆனால் மற்றவர்களுடைய காயத்தை நான் மன்னிக்கலாமா? அங்கே நான் தயங்குகிறேன். டூட்டூ தமக்குச் செய்யப்பட்டதை மன்னிக்கலாம். கதவைத் திறந்து உள்ளே வாருங்கள் என்று அழைக்கலாம். கேப் டவுன் நகரின் ஆறாம் வட்டாரத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, வீடு இடித்துத் தரைமட்டமானதைக் கண்ட ஒரு தாயின் கணக்கை அவர் தீர்த்துவிட முடியாது. அவரும் அப்படி உரிமை கொண்டாடவில்லை என்றே நினைக்கிறேன். அவர் செய்தது அழைப்பு; அதைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டவர்கள் மற்றவர்கள்.

கத்தோலிக்கராகிய நமக்கு இதில் வழிகாட்ட ஒரு பழைய பாடம் இருக்கிறது. நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை எவை என்று சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தோம். மனத்துயரும் பாவ அறிக்கையும் போதா. குரு கொடுக்கும் அபராதத்தைத் தீர்க்க வேண்டும். களவாடிய பொருளாயின் உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். சக்கேயு அழகிய மன்னிப்புரை எதுவும் நிகழ்த்தியதாக லூக்கா எழுதவில்லை. அவர் சொன்னதெல்லாம் தொகைகள்: உடைமையில் பாதி, ஏமாற்றியதற்கு நான்கு மடங்கு. மீட்பு இந்த வீட்டுக்கு வந்தது என்ற ஆண்டவரின் வார்த்தை அதற்குப் பிறகே வருகிறது. இனங்களுக்கிடையேயான ஒப்புரவில் பெரும்பாலும் நாம் விட்டுவிடுவது இந்தப் பகுதியையே.

டூட்டூ தலைமையில் 1995 இன் சட்டப்படி அமைந்த உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையத்திலும் இதே குறை தெரிந்தது. ஏறத்தாழ 21,000 பேர் தங்கள் துயரங்களை அதனிடம் பதிவு செய்தார்கள். 1997 நவம்பரில் ஈஸ்ட் லண்டன் நகரில் திருச்சபைகளும் அதன்முன் நின்று சாட்சி சொல்லின. பாவத்தை முழுவதும் சொன்னவர்களுக்குப் பொதுமன்னிப்பு உடனே செல்லுபடியாயிற்று. பாதிக்கப்பட்டவர்களுக்கோ 2003 இல்தான், ஒருமுறைத் தொகையாக 30,000 ராண்டு தருவதாக அரசு அறிவித்தது. அது ஆணையம் பரிந்துரைத்ததைவிட மிகக் குறைவு. ஆணையத்தைக் குறை சொல்வது எளிது. பேச முடியாதவர்களைப் பேச வைத்ததே பெரிய காரியம். ஆனால் உண்மை ஒரு பக்கமும் ஈடு மறுபக்கமுமாகப் பிரிந்து போனதை மறைக்க முடியாது.

சபைகளின் கதையும் அப்படித்தான். 1994 இல் கலப்பினத்தார் சபையும் ஆப்பிரிக்கர் சபையின் பெரும்பகுதியும் இணைந்து ஒன்றிணைந்த சீர்திருத்த சபையாயின. ஆப்பிரிக்கர் சபையில் இணைய மறுத்த ஒரு பகுதியினரோடு எழுந்த சொத்துத் தகராறு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. வெள்ளையர் சபை பலமுறை மன்னிப்புக் கேட்டுவிட்டது. அதன் உண்மைத்தன்மையை நான் ஐயுறவில்லை. ஆயினும் பெல்ஹார் அறிக்கையைத் தன் விசுவாச அடித்தளங்களுள் ஒன்றாகச் சேர்க்கலாமா என்று அதன் வட்டாரப் பேரவைகளில் வாக்கெடுத்தபோது வேண்டிய பெரும்பான்மை கிட்டவில்லை. 1829 இல் வாக்கெடுப்புக்கு அப்பாற்பட்டது எனப்பட்ட ஒன்று வாக்கெடுப்பில் தோற்றது. ஒருவகையில் இது விளங்கிக்கொள்ளக்கூடியதே. மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். இணைவதென்றால் யாருடைய மொழியில் மறையுரை, எந்தக் கோவிலைப் பூட்டுவது, யாருடைய சம்பளம் யார் காணிக்கையிலிருந்து என்று கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

கடல் தாண்டிய கதையை எழுதிவிட்டு நம் ஊரைப் பற்றி வாய்மூடியிருந்தால் வாசகர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். சாதியும் இனமும் ஒன்றல்ல. ஆனால் 'சிலருடைய பலவீனம்' என்ற வாதம் இரண்டுக்கும் பொது. புதுச்சேரிக் கோவிலில் தாழ்த்தப்பட்டோரை மற்றவர்களிடமிருந்து பிரித்து நின்ற சுவரைப் பற்றியும், அவர்கள் முறையிட்டபின் அது இடிக்கப்பட்டது பற்றியும் ஆனந்தரங்கப் பிள்ளை 1745 ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1857 க்கு நூறாண்டுக்கு முன்னரே நாம் அந்தக் கட்டடத்தைக் கட்டி முடித்திருந்தோம். சுவர் இடிந்தது, கல்லறைத் தோட்டங்களில் அதன் தம்பிமார் நின்றார்கள். 2003 நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தமிழக ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் ஒரே பங்கின் கத்தோலிக்கர்களுக்கிடையே மூண்ட பூசலில், காவலர் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அறிக்கைகளில் நாமும் குறைந்தவர்களல்லர்.

இன்னும் காலம் கனியவில்லை, மற்றவர்கள் மனம் புண்படும், பங்கு இரண்டாகிவிடும் என்று நம் பங்குகளில் சொல்லக் கேட்கும்போதெல்லாம், அந்த 1857 ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் இரண்டாம் வாக்கியமே என் காதில் விழுகிறது. சொல்பவர்கள் கொடியவர்களல்லர், கேபாவும் கொடியவரல்லர். ஆனால் இப்பொறுமைக்கான செலவை யார் தலையில் எழுதுகிறோம் என்று அவர்களிடம் கேட்க வேண்டும். இவ்வாண்டுத் திருவிழாவுக்குத் தேர் செல்லும் பாதையைப் பங்குப் பேரவை குறிக்கும்போது, தலித் மக்களின் தெருவும் அதில் உண்டா என்று ஒருவர் எழுந்து கேட்கலாம். அப்படிக் கேட்பவர் அந்தத் தெருவைச் சேர்ந்தவராக இல்லாதிருந்தால் நல்லது.